மடிப்பை எண்ணிச் சங்கை அறியும் முறை: பால்சங்கும் வலம்புரி என்று விற்கப்படுபவையும்

பூஜைச் சாமான் கடைகளில் 'வலம்புரி' என்று அட்டை கட்டித் தொங்கும் ஓடுகளில் பல, நம் கடல் சங்கே அல்ல. அமெரிக்கக் கரையில் வாழும் வேறொரு நத்தையின் ஓடு. அந்த நத்தைக்கு வாய் வலம்புரிக்கு உரிய பக்கம் இருப்பதுதான் இயல்பு. வாங்குகிறவர் வாய் எந்தப் பக்கம் என்று மட்டும் பார்ப்பதால் இந்த வியாபாரம் நடக்கிறது. பார்க்க வேண்டிய இடம் வாயின் உள்ளே, நடுத்தண்டில் இருக்கிறது. அங்கே மடிப்பு இருக்கிறதா, எத்தனை, எப்படி ஓடுகிறது என்று பார்க்கத் தெரிந்தால் பத்தில் ஒன்பது சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இங்கே சொல்லப்படும் இனம் டர்பினெல்லா பைரம். பால்சங்கு, வெண்சங்கு, அல்லது வெறுமனே சங்கு என்று நாம் சொல்வது இதைத்தான். ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1767-இல் இதற்குப் பெயர் வைத்தார். பைரம் என்றால் பேரிக்காய். பழைய மீன்வள ஆய்வுக் கட்டுரைகளில் சாங்கஸ் பைரம் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், அதுவும் இதே இனம். மன்னார் வளைகுடா, பாக் நீரிணை, இலங்கையின் வடகரை, கேரளக் கரை, குஜராத்தின் கட்ச் வளைகுடா, அந்தமான் ஆகியவை இதன் இடங்கள். மணல் தரையில் புழுக்களைத் தின்று வாழும்.

தேவையானவை: கைப்பேசி விளக்கு, மெல்லிய மூங்கில் குச்சி, பழைய பல் துலக்கி, வெர்னியர் அளவுகோல், ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, அகலமான ஒரு பாத்திரம், நூல்.

முதலில் சுத்தம் செய்யுங்கள். நல்ல தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போட்டு, வாயின் உள்ளே இறுகியிருக்கும் மணலையும் சுண்ணாம்புப் படிவையும் குச்சியாலும் துலக்கியாலும் எடுங்கள். அமிலத்தில் போட வேண்டாம். கடைக்காரர்கள் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கிப் பளபளப்பாக்குவது உண்டு. அது மேல்தோலை, நிறப்புள்ளிகளை, உச்சியின் நுண்ணிய அடையாளங்களை எல்லாம் தின்றுவிடும். நாம் தேடுவதே அவற்றைத்தான்.

இடமா வலமா என்பதை முதலில் தீர்த்துக்கொள்வோம். இதில் இரண்டு மரபுகள் எதிரெதிராக நிற்கின்றன. நத்தைகளைப் பற்றிய அறிவியல் நூல்களில், உச்சி, அதாவது சுருள்கள் சிறுத்து முடியும் முனை, மேலே, வாய் நம்மைப் பார்த்து இருக்கும்படி பிடிப்பார்கள். அப்போது வாய் வலப்பக்கம் வந்தால் அது வலச்சுருள். நம் மரபில் குழல் முனை, அதாவது நீண்டு குறுகிய அடிமுனை, மேலே இருக்கப் பிடிக்கிறோம். தலைகீழாகப் பிடித்ததும் அதே ஓட்டின் வாய் இடப்பக்கம் போய்விடும். அதனால் சாதாரணச் சங்கு இடம்புரி. ஆக அறிவியல் நூல் 'இடச்சுருள்' என்று எழுதுவதே நம் வலம்புரி. இணையத்தில் ஆங்கிலப் பெயரைப் பார்த்து வாங்குகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: 'வலது' என்ற சொல்லை நம்பிப் பணம் கொடுத்து, கையில் வந்த சாதாரணச் சங்கை வலம்புரி என்று வைத்துக்கொள்கிறார்கள். குழல் முனையை மேலே பிடியுங்கள், வாய் உங்களைப் பார்க்கட்டும். வாய் வலப்பக்கம் இருந்தால் மட்டுமே வலம்புரி. வேறு எந்த விளக்கமும் வேண்டியதில்லை.

இனி மடிப்பு. ஓட்டின் நடுவில் உச்சியிலிருந்து குழல் வரை ஒரு தண்டு ஓடுகிறது. அதைச் சுற்றித்தான் எல்லாச் சுருள்களும் ஏறுகின்றன. வாயின் வழியாகப் பார்த்தால் தெரியும் உள் ஓரம் இந்தத் தண்டின் பக்கம். எதிரே இருப்பது வெளி உதடு. ஓட்டை மெல்லச் சாய்த்து, வெளி உதட்டின் பக்கத்திலிருந்து தண்டின் மேல் விளக்கடியுங்கள். பால்சங்கானால் தண்டின் நடுப்பகுதியில், ஓட்டின் நீள்வாட்டுக்குக் குறுக்காக, திருகாணியின் மரை போல மூன்று தடித்த வரம்புகள் நிற்கும். சிலவற்றில் நான்காவதாக ஒன்று மெல்லியதாக இருக்கும். மூன்று, அல்லது நான்கு. கண்ணுக்குச் சரியாகப் படவில்லை என்றால் சுண்டு விரலை விட்டுத் தண்டின் மேல் குழல் பக்கத்திலிருந்து மேலே தடவுங்கள். படிக்கட்டு ஏறுவதுபோல் விரலில் தட்டும். வழவழவென்று வழுக்கிப் போனால் அது பால்சங்கு அல்ல.

இங்கே நேரும் தவறுகள் சில. வெளி உதட்டின் உட்பக்கத்தில் மெல்லிய கோடுகள் வரிசையாக ஓடுவதைப் பார்த்து மடிப்பு என்று எண்ணிவிடுவது அதிகம். அவை வேறு இனங்களின் அடையாளம். மடிப்பு எப்போதும் எதிர்ப்பக்கத்தில், தண்டில்தான் இருக்கும். இரண்டாவது, அலையில் தேய்ந்த ஓட்டில் வாயோரத்து மடிப்பு மழுங்கியிருப்பதைப் பார்த்து 'இல்லை' என்று முடிவு கட்டுவது. இன்னும் இரண்டு விரற்கடை உள்ளே விளக்கடித்தால் அங்கே முழுசாக இருக்கும், ஏனென்றால் மடிப்பு தண்டு முழுக்கச் சுருண்டு ஏறுகிறது. உடைந்த சங்கு கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். நெடுக்கே உடைந்த ஒன்றைப் பார்த்தால் இந்த மரை ஒவ்வொரு சுருளிலும் தொடர்வது தெளிவாகத் தெரியும். ஒருமுறை அதைப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

இந்த ஒரே அடையாளம் எவ்வளவு உறுதியானது என்பதற்குத் தொல்லியல் சாட்சி. குஜராத்தின் நாகேஷ்வர் போன்ற சிந்துவெளி வளையல் பட்டறைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மண்ணில் கிடந்த அறுபட்ட துண்டுகளைக்கூட, தண்டில் உள்ள மடிப்பை வைத்துப் பால்சங்கு என்று பிரிக்கிறார்கள். முள் கிளைத்த பெரிய முரெக்ஸ் வகைக் கடல் நத்தையான சிகோரியஸ் ராமோசஸ் ஓட்டின் துண்டுகளில் அந்த மடிப்பு இருக்காது.

ஆனால் மடிப்பு ஒன்று மட்டும் போதுமா? போதாது. வாய் அகன்ற, படகில் நீர் இறைக்கும் அளவுக்குக் குழிந்த மெலோ இன ஓடுகளிலும் தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் உண்டு. கரிபியன் கடலின் டர்பினெல்லா ஆங்குலாட்டா பால்சங்கின் நெருங்கிய உறவு. அதிலும் மடிப்புகள் இருக்கும். ஆகவே மடிப்பு தேறிய ஓட்டை மற்ற உறுப்புகளோடு பொருத்திப் பாருங்கள்.

வடிவம்: நடுப்பகுதி பருத்து, கீழே சட்டென்று ஒடுங்கி, ஓரளவு நீளமான நேரான குழலில் முடியும். பேரிக்காயைக் காம்பு கீழே இருக்கப் பிடித்ததுபோல. மெலோவுக்கு இந்தக் குழல் கிடையாது. அடியில் ஒரு வெட்டு மட்டும் இருக்கும், வாய் ஓட்டின் முழு நீளத்துக்கும் திறந்து கிடக்கும், ஓடும் அளவுக்கு ஏற்ற கனமில்லாமல் இலேசாக இருக்கும். பால்சங்கைக் கையில் எடுத்ததும் பார்வைக்குத் தோன்றுவதைவிடக் கனம் கூடுதலாக இருக்கும். இடத்துக்கு இடம் உச்சிப்பகுதி குட்டையாகவும் நீண்டும் மாறும். அந்த வேறுபாட்டைப் பார்த்துத் தனி இனம் என்று எண்ண வேண்டாம். மீன்வள ஆய்வாளர் ஜேம்ஸ் ஹார்னெல் நூறு ஆண்டுகளுக்கு முன் இவற்றைப் பல வகைகளாகப் பிரித்துப் பெயர் வைத்தார். எல்லாம் ஒரே இனத்துக்குள் அடக்கம்.

தோள்: வளர்ந்த பால்சங்கின் கடைசிப் பெருஞ்சுருளின் தோள், அதாவது உச்சிப் பக்கம் அது வளையும் இடம், உருண்டு வழவழப்பாக இருக்கும். உச்சிப் பக்கச் சிறு சுருள்களில் மெல்லிய முண்டுகள் தென்படலாம், இளம் சங்கில் இன்னும் தெளிவாக. ஆனால் பெருஞ்சுருளைச் சுற்றிக் கூரான பெரிய முண்டுகள் நின்றால் அது வேறு. கரிபியன் உறவுக்கு அப்படித்தான் இருக்கும்.

உச்சி: பலர் பார்க்காமல் விடும் இடம் இது. பெரும்பாலான கடல் நத்தைகள் குஞ்சுப் பருவத்தில் நீரில் மிதந்து திரியும். அவற்றின் உச்சி ஊசி போலக் கூராக இருக்கும். சங்குக் குஞ்சோ முட்டைக் கூட்டுக்குள்ளேயே ஓட்டோடு வளர்ந்து, ஊர்ந்துதான் வெளியே வருகிறது. அதனால் உச்சியில் உள்ள முளைச்சுருள் பருத்து, காம்பு போல மொத்தையாகத் துருத்திக்கொண்டிருக்கும். அந்த முட்டைக் கூடு ஆட்டுக்கடாவின் கொம்பு போலத் திருகிய, தோல் போன்ற வில்லைகளின் அடுக்கு. மணலில் நட்டு நிற்கும். முத்துக்குளிப்போர் அதைச் சங்குப்பூ என்பார்கள், நீலக் கொடிப்பூவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வயதான சங்கில் உச்சி தேய்ந்தோ அரிக்கப்பட்டோ போயிருக்கும்; அப்போது இந்தச் சோதனை செல்லாது, அவ்வளவுதான். உச்சி இல்லை என்பதற்காக ஓட்டை ஒதுக்காதீர்கள்.

தோலும் நிறமும்: உயிருள்ள சங்கு வெள்ளையாக இருக்காது. தடித்த பழுப்பு நிற நார்த்தோல் ஓட்டை முழுக்கப் போர்த்தியிருக்கும். உலர்ந்ததும் அது வெடித்து உரியும். அடியில் பீங்கான் வெள்ளை. இளம் ஓட்டில் செம்பழுப்புப் புள்ளிகள் தெரியும். வாயின் உள்ளே இளஞ்சிவப்போ மங்கிய ஆரஞ்சோ படர்ந்திருக்கும். சுருளும் சுருளும் சேரும் பொருத்துக்கோட்டின் பள்ளத்திலும் குழலின் மடக்கிலும் பழுப்புத் தோலின் மிச்சம் ஒட்டியிருந்தால் அது நல்ல அறிகுறி. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், வெயிலில் எல்லாம் வெளுத்துவிடும்.

வாயை அடைக்கும் மூடி கிடைத்தால் எடுத்து வையுங்கள். வியாபாரத்தில் நகம் என்பது அதுதான். பால்சங்குக்கு அது தடித்த, கொம்புப் பொருளாலான, நகம் போல் நீண்ட பழுப்புத் தகடு. சுண்ணாம்பு வில்லை போல வெள்ளையாக உருண்டிருந்தால் அது வேறு குடும்பம்.

நம் கரையிலேயே குழப்பத்தைத் தரும் முக்கியமான ஒன்று ட்ரபீசியம் என்னும் பெரிய ஓடு. பழைய நூல்களில் ஃபேசியோலாரியா என்றும் பின்னர் ப்ளூரோப்ளோகா என்றும் வரும். கனமானது, குழலும் உண்டு, பால்சங்கின் அளவுக்கும் வளரும், தண்டிலும் இரண்டு மூன்று மடிப்பு தெரியும். வேறுபாடு இதுதான்: அதன் மடிப்புகள் மெலிந்தவை, தண்டின் அடியில் குழல் தொடங்கும் இடத்தை ஒட்டிச் சாய்வாக ஓடும், பால்சங்கின் மடிப்புகள் தடித்தவை, தண்டின் நடுவில் குறுக்காக நிற்கும். மேலும் ட்ரபீசியத்தின் மேல் மெல்லிய செம்பழுப்புக் கோடுகள் இரட்டை இரட்டையாகச் சுற்றி ஓடும், தோளில் மொத்தையான முண்டுகள் இருக்கும், வெளி உதட்டின் உள்ளே நெருக்கமான வரிகள் இருக்கும். அமிலத்தில் வெளுத்தாலும் உதட்டு வரிகளும் முண்டுகளும் நிற்கும். இதைச் சரியாகப் பிரிப்பது வெறும் ஆர்வத்துக்காக அல்ல. 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்ட அட்டவணைகளில் சேர்க்கப்பட்ட கடல் நத்தைகளில் ட்ரபீசியமும் ஒன்று; காசிஸ் கார்னூட்டா, கரோனியா ட்ரைட்டோனிஸ் போன்றவை அதே ஆண்டில் முதல் அட்டவணையிலேயே ஏறின. சங்கு என்று நினைத்து வாங்கிப் பையில் வைத்திருந்தேன் என்பது சோதனையில் நிற்காது.

இப்போது வலம்புரிக்கு வருவோம். உண்மையான வலம்புரி என்பது இதே டர்பினெல்லா பைரம், கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிச் சுருண்டது. மிக மிக அரிது. தண்டில் அதே மூன்று நான்கு மடிப்பு, அதே உருண்ட தோள், அதே கனம், அதே மொத்தை உச்சி இருந்தாக வேண்டும். அதன் பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் கிடைக்கும் சினிஸ்ட்ரோஃபல்கர் இனங்களின் ஓடு. பழைய பெயர் புசிகான். அங்கே அது அபூர்வம் அல்ல; டெக்சஸ் மாநிலம் 1987-இல் தன் மாநிலச் சிப்பியாக அறிவித்ததே இந்த வகையைத்தான். மின்னல் போலப் பழுப்புக் கீற்றுகள் நெடுக்கே ஓடுவதால் அங்கே மின்னலின் பெயரால் அழைக்கிறார்கள். வயதானால் கீற்றுகள் மங்கி வெள்ளையாகிவிடும், அதனால்தான் நம் கடைகளில் ஏமாற்ற முடிகிறது.

அதைப் பிரிக்க: தண்டு வழவழப்பு, மிஞ்சினால் ஒரே ஒரு மெல்லிய மடிப்பு. உச்சி தட்டை. தோளில் முக்கோண முண்டுகள். விற்பதற்காக அவற்றை அரைத்து மழுக்கியிருந்தால் விரலால் தோளைச் சுற்றித் தடவுங்கள், ஒழுங்கான இடைவெளியில் தட்டையான தழும்புகள் தட்டும். வாய் நீண்டு, இறங்க இறங்க மெல்லக் குறுகிக் குழலாகவே மாறிவிடும். பால்சங்கில் இருப்பது போன்ற சட்டென்ற ஒடுக்கம் இருக்காது. வெளி உதடும் மெல்லியது. அது போலி அல்ல, கடல் தந்த உண்மையான ஓடுதான். வேறு இனம் என்பதே குறை. அதன் விலையில் விற்றால் யாருக்கும் குற்றமில்லை.

வாங்குகிறவர்கள் மடிப்பைத் தேடுவார்கள் என்று தெரிந்ததும், விற்கிறவர்கள் மடிப்பையே செதுக்கி வைக்கத் தொடங்கினார்கள். பிசினில் பளிங்குத்தூள் கலந்து அச்சில் வார்ப்பதும் உண்டு. செதுக்கிய மடிப்பு விரல் எட்டும் ஆழத்தோடு நின்றுவிடும். வரம்புகளின் ஓரம் கூராக, கருவி போன தடத்தோடு இருக்கும். இயற்கை மடிப்பின் மேல் ஓட்டின் மெருகு தடையில்லாமல் ஏறி இறங்கும். பெரிய தொகை கேட்கப்பட்டால் ஒரு எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். படத்தில் நடுத்தண்டு நெடுக, உச்சிச் சுருள்கள் வரை, திருகாணி மரை தொடர்ந்து தெரிய வேண்டும். வாயருகே மட்டும் மரை இருந்து மேலே தண்டு வழவழப்பாகப் போனால் அது செதுக்கியது. சுருள் அறைகளே இல்லாமல் உள்ளே கட்டியாகத் தெரிந்தால் அது வார்ப்பு.

வார்ப்பை வீட்டிலேயே பிடிக்க அடர்த்தியை அளக்கலாம். முதலில் உலர்ந்த ஓட்டை எடை போடுங்கள். பிறகு பாத்திரத்தில் ஓடு மூழ்கும் அளவு நல்ல தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். ஓட்டை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கவிட்டுத் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது ஓடு விலக்கிய நீரின் எடை. முதல் எடையை இதனால் வகுக்க வேண்டும். உலர் எடை 412 கிராம், மூழ்கியபோது காட்டியது 148 என்றால் 2.78. கடல் ஓடு சுண்ணாம்புக் கனிமம் என்பதால் விடை 2.7-க்கும் 2.9-க்கும் இடையில் வர வேண்டும். வெறும் பிசின் 1.2 அளவில் நிற்கும். தூள் கலந்த வார்ப்பு இரண்டுக்கும் நடுவில் எங்கோ வரும்.

தவறு நடப்பது ஒரே இடத்தில்: உள்ளே சிக்கிய காற்று. மேல் சுருள்களில் காற்று தங்கினால் விலகும் நீர் கூடி, உண்மையான சங்கே போலி என்று விடை வந்துவிடும். நீருக்குள் வாயை மேலே வைத்து, சுருள் போகும் திசையில் ஓட்டை மெல்ல உருட்டி உருட்டிக் குமிழி நிற்கும் வரை காத்திருங்கள். இரண்டு மூன்று முறை அளந்து ஒரே எண் வந்தால்தான் நம்பலாம். உள்ளே உலர்ந்த சதை ஒட்டியிருந்தாலும் எண் குறையும். முழுப் பளிங்கில் செதுக்கியது இந்தச் சோதனையில் தேறிவிடும் என்பதால், அடர்த்தி சரியாக வந்ததும் மடிப்புச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

வினிகர் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும் என்பார்கள். நுரைக்கும், பளிங்குத்தூள் கலந்த வார்ப்பும் நுரைக்கும். மெருகு போவதுதான் மிச்சம். காதில் வைத்தால் ஓங்காரம் கேட்கிறது என்பதும் சோதனை ஆகாது. சுற்றுப்புற ஒலி எந்தக் குழிவிலும் எதிரொலிக்கும், வெறும் சொம்பை வைத்தாலும் கேட்கும். ஓட்டில் குண்டூசித் தலை அளவு துளைகள் இருந்தால் குறை என்று நினைக்க வேண்டாம். கடலடியில் துளையிடும் கடற்பஞ்சும் புழுவும் செய்தவை அவை. இயற்கை ஓடு என்பதற்கு நல்ல சாட்சி. ஆனால் ஒரே கடையில் இரண்டு ஓடுகளில் ஒரே இடத்தில் ஒரே துளை இருந்தால் அவை ஒரே அச்சில் பிறந்தவை.

படம் பார்த்து மட்டும் வாங்குவதாக இருந்தால், பக்கத்தில் அன்றைய நாளிதழை வைத்து எடுத்த படம் கேளுங்கள். சாதாரணச் சங்கின் படத்தை இடவலமாகத் திருப்பினால் வலம்புரி ஆகிவிடும்; எழுத்தும் திரும்பியிருந்தால் தெரிந்துவிடும். நேர்படத்தோடு, வாயின் உள்ளே விளக்கடித்து மடிப்பு தெரியும்படி ஒரு படமும் கட்டாயம் வேண்டும். அதைத் தர மறுக்கும் இடத்தில் வாங்க வேண்டாம்.

கரையில் நீங்களே தேடி அடையாளம் காண்பதானால் சில எல்லைகள் உண்டு. மன்னார் வளைகுடாக் கடல்வாழ் தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலிருந்து எதையும் எடுக்கக்கூடாது. உயிருள்ள சங்கை அளந்து படம் எடுத்ததும் அதே மணலில் விட்டுவிடுங்கள். பருத்த இடத்தில் விட்டம் 57 மில்லிமீட்டருக்குக் குறைந்தவற்றைச் சங்கு குளிப்போரே எடுக்கக்கூடாது என்பதுதான் நெடுங்கால விதி. கூம்பு வடிவில் உள்ள, வாய் ஒரு நீண்ட கீறலாக மட்டும் இருக்கும் ஓட்டை உயிரோடு கையால் தொடாதீர்கள். கூம்பு நத்தையின் கொட்டு சில இனங்களில் உயிரைப் பறிக்கும்.

அடையாளம் கண்ட ஒவ்வோர் ஓட்டுக்கும் ஒரு சீட்டு எழுதி உள்ளே வையுங்கள்: கிடைத்த இடம், தேதி, உச்சி முதல் குழல் முனை வரை நீளம், பருத்த இடத்தின் விட்டம், எடை, வாயின் பக்கம், மடிப்பின் எண்ணிக்கை. பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.